‘தெரியாதவர்’ என்றொரு பட்டம்

1989 மார்ச் மாதம் ‘கிடார் பிளேயர்’ என்ற அமெரிக்கப் பத்திரிகை தன் அட்டையில் ஒரு மனிதரின் படத்தைப் போட்டு, உலகத்திலேயே யாருக்கும் தெரியாத மாபெரும் கிடாரிஸ்ட் இவர்தான் என்று பட்டம் சூட்டியது. அவர் பெயர் டேனி கேட்டன். வாஷிங்டன் நகரத்துக்காரர். பட்டம் கிடைத்தபோது வயது 43. அந்த நேரத்தில் அவர் கால் நூற்றாண்டுக்கு மேல் மேடையில் வாசித்திருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், அதே வட்டாரத்தில் இந்தப் பட்டம் ஏற்கெனவே ஒருமுறை வழங்கப்பட்டுவிட்டது! வாஷிங்டன் பக்கத்து கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்த ராய் புக்கனன் என்ற கிடாரிஸ்டைப் பற்றி 1971-ல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி ஒரு படம் காட்டியது. அதிலிருந்து அவருக்கும் ‘யாருக்கும் தெரியாத மகா கலைஞர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரே ஊர், ஒரே மாதிரி கிடார், ஒரே பட்டம்.

நண்பர்களே, இந்தப் பட்டத்தை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

‘நம்ம ஆண்டு மலர்ல அமெரிக்கக் கிடாருக்கு என்னப்பா வேலை?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். இவர் இசைக் கல்லூரியில் படித்து வந்தவர் இல்லை. ஸ்குரூ டிரைவரையும் சால்டரிங் அயர்னையும் கையில் எடுத்துக் கிடாரைப் பிரித்துப் போட்டவர். பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, பாடியை வெட்டி, எஞ்சினை மாற்றி ஓட்டியவர். பாட்டைப் பற்றி எழுதினாலும், நான் கடைசியில் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வந்து சேருவேன். கவலைப்படாதீர்கள்.

நான் இவருடைய பதிவுகளைக் கண்டுபிடித்ததே ஒரு மினி புராஜெக்ட் வழியாகத்தான். இரும்புத் தந்தி, காந்தம், செப்புக் கம்பிச் சுருள் இந்த மூன்றையும் வைத்து அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றிக் காட்ட வேண்டும். 1831-ல் ஃபாரடே சொன்ன அதே விதிதான். காந்தத்துக்கு மேலே இரும்புத் தந்தி ஆடினால் காந்தப் பாயம் மாறும். பாயம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். எலெக்ட்ரிக் கிடாரின் ‘பிக்கப்’ என்பது இவ்வளவுதான். ஆனால் சுருள் சும்மா இருக்குமா? பக்கத்தில் ஓடும் டியூப்லைட், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றின் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நமக்கு 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். ‘ம்ம்ம்’ என்று ஒரே முனகல்.

இதற்கு வழி இரண்டு சுருள். ஒன்றை மற்றதற்கு எதிர்த்திசையில் இணைத்து, காந்தத்தையும் திருப்பி வைத்தால், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துப்போகும். தந்தியின் ஒலி மட்டும் கூடும். இதை ஒல்லியான இடத்துக்குள் இரண்டு இரும்புத் தகடுகளை நிறுத்திச் செய்தவர் ஜோ பார்டன் என்ற வாஷிங்டன் பகுதி இளைஞர். அவர் யாருக்காகச் செய்தார் என்று தேடினேன். டேனி கேட்டனுக்காக. சரி, யார் இந்த ஆள், கேட்டுத்தான் பார்ப்போமே என்று ஹெட்ஃபோனை மாட்டினேன். புராஜெக்ட் ரிப்போர்ட் அன்றைக்கு நகரவில்லை.

கதைக்குப் போவதற்கு முன் இரண்டு வார்த்தை விளக்கம். ராக்கபிலி என்பது 1950-களின் நடுவில் அமெரிக்கத் தென்பகுதியில் பிறந்த இசை. வெள்ளைக்கார கிராமத்துப் பாட்டும் கறுப்பின மக்களின் புளூஸும் மோதிக்கொண்ட இடம். 1954 ஜூலையில் மெம்ஃபிஸ் நகரத்து சன் ஸ்டுடியோவில் எல்விஸ் பிரெஸ்லி பாட, ஸ்காட்டி மூர் கிடார் வாசிக்க, பில் பிளாக் பெரிய பாஸை இழுத்து அறைய, டிரம்ஸே இல்லாமல் ஒரு பாட்டைப் பதிவு செய்தார்களே, அதுதான் அதன் அடையாளம். ஜாஸ் வேறு வீடு. அங்கே கிடாரைப் பின்பாட்டிலிருந்து முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர் சார்லி கிறிஸ்டியன். 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார். 1942-ல் 25 வயதில் இறந்துவிட்டார். அந்த மூன்றே வருடத்தில் எலெக்ட்ரிக் கிடார் ஒரு ஊதுகுழல் மாதிரி தனியாகப் பேசலாம் என்று காட்டிவிட்டுப் போனார்.

இந்த இரண்டு வீட்டுக்கும் ஒரே சாவி வைத்திருந்தவர்தான் நம்ம ஆள்.

டேனி கேட்டன் 1945 செப்டம்பர் 4-ம் தேதி பிறந்தார். அப்பாவும் கிடாரிஸ்ட். ஆனால் குடும்பத்துக்காக இசையை விட்டுவிட்டு நிலையான வேலைக்குப் போனவர். (நம்மில் எத்தனை பேர் வீட்டில் இந்தக் கதை இருக்கிறது!) சின்ன வயதிலேயே பையன் கிடாரைப் பிடித்தான்; பிறகு பாஞ்சோவும் பழகினான். அந்த பாஞ்சோ பழக்கம் கடைசிவரை கையை விட்டுப் போகவில்லை. வலது கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிளெக்ட்ரம். மிச்ச விரல்கள் தனியாக மற்ற தந்திகளைச் சுண்டும். ஒரு ஆள் வாசிக்கிறாரா, இரண்டு பேரா என்று கேட்பவருக்கு சந்தேகம் வரும். எனக்கு வந்தது.

அவருடைய தட்டுகளை வருட வரிசையில் அடுக்கினால் ஒரு விஷயம் புரியும். 1978-ல் வந்ததன் பெயர் ‘ரெட்நெக் ஜாஸ்’. ‘ரெட்நெக்’ என்றால் தென்பகுதியின் நாட்டுப்புறத்து உழைப்பாளி வெள்ளையரை நக்கலாகக் கூப்பிடும் சொல். அதோடு ‘ஜாஸ்’ என்ற நகரத்துச் சொல்லைச் சேர்த்தால் எப்படி இருக்கும்? நம்ம ஊரில் ‘பட்டிக்காட்டுக் கச்சேரி’ என்று தலைப்பு வைத்த மாதிரி. அந்தப் பெயரிலேயே அவருடைய கொள்கை முழுவதும் இருக்கிறது. அதே வருடக் கடைசி நாள் இரவு வாஷிங்டனின் ‘செல்லர் டோர்’ கிளப்பில் பெடல் ஸ்டீல் மேதை பட்டி எம்மன்ஸோடு வாசித்தார். அந்த நேரடிப் பதிவு பின்னாளில் வெளிவந்தது.

1987-ல் ‘அன்ஃபினிஷ்ட் பிசினஸ்’. இதை வெளியிட்டது அவருடைய குடும்பமே நடத்திய சின்ன கம்பெனி. இதில் சார்லி கிறிஸ்டியனுக்கு அஞ்சலியாக ஒரு பாட்டு உண்டு. பிறகு எலெக்ட்ரா என்ற பெரிய கம்பெனி கூப்பிட்டது. 1991-ல் ‘88 எல்மைரா ஸ்ட்ரீட்’. அது அவர் வளர்ந்த வீட்டு விலாசம்! முழுத் தட்டிலும் ஒரு பாட்டுக்குக்கூட வாய்ப்பாட்டு கிடையாது. அதில் உள்ள ‘எல்மைரா ஸ்ட்ரீட் பூகி’ கிராமி விருதுக்குப் பரிந்துரையானது. 1992-ல் புளூ நோட் என்ற ஜாஸ் கம்பெனியின் ‘நியூயார்க் ஸ்டோரீஸ்’ தட்டில் டிரம்பெட் ராய் ஹார்க்ரோவ், சாக்ஸஃபோன் ஜோஷுவா ரெட்மன், பாபி வாட்சன் ஆகியோரோடு சரிசமமாக உட்கார்ந்து வாசித்தார். 1993-ல் எலெக்ட்ராவுக்கு ‘குரூசின் டியூசஸ்’. தலைப்பில் வரும் ‘டியூஸ்’ என்பது 1932 ஃபோர்டு காருக்கு அங்கே செல்லப் பெயர். விற்பனை கம்பெனி எதிர்பார்த்த அளவு இல்லை; கைகழுவிவிட்டார்கள். 1994-ல் ஆர்கன் வாசிக்கும் ஜோயி டிஃப்ரான்செஸ்கோவோடு ‘ரிலென்ட்லெஸ்’. ஜோயிக்கு அப்போது வயது இருபதுகளின் தொடக்கம். கேட்டன் 48. யார் சின்னவர் என்று கேட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இன்னொரு பதிவையும் விட்டுவிடக்கூடாது. ராபர்ட் கார்டன் என்ற ராக்கபிலி பாடகரோடு அவர் வாசித்த ஒரு கேசட் கிடாரிஸ்டுகள் மத்தியில் கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டே இருந்தது. நகலுக்கு நகல், அதற்கு நகல். அதற்கு ‘ஹம்ப்ளர்’ என்று பெயர். மற்ற கிடாரிஸ்டுகளின் திமிரை அடக்குபவர் என்று அர்த்தம். அது கேட்டனுக்கே கூட்டாளிகள் வைத்த பெயர். 1996-ல்தான் முறையான தட்டாக வந்தது. பாடகர் பாடிக்கொண்டே இருக்கிறார், இவர் இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் உள்ளே நுழைந்து ஒரு கதை சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுகிறார். ஹாஸ்டலில் இதைப் போட்டபோது ஒரு நண்பன், ‘டேய், இது என்னடா, ஸ்பீடா ஓட விட்டிருக்கியா?’ என்று போனைப் பிடுங்கிப் பார்த்தான். ஓட விடவில்லை. அதுதான் வேகம்.

இப்போது ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறேன்.

கேட்டன் கையில் இருந்தது 1953 மாடல் ஃபெண்டர் டெலிகாஸ்டர். அதை உருவாக்கிய லியோ ஃபெண்டர் கணக்குப் படித்தவர், ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது! அதனால்தானோ என்னவோ, அவர் கிடாரை ஒரு வாத்தியமாகப் பார்க்காமல் ஒரு பொருளாகப் பார்த்தார். உள்ளே பொந்து இல்லாத கெட்டிப் பலகை. கழுத்தை ஒட்டாமல் நாலு ஸ்குரூவில் பொருத்தினார். தேய்ந்துபோனால் கழற்றிப் புதுசு மாட்டு, அவ்வளவுதான். 1950-ல் விற்பனைக்கு வந்த இந்த மரப்பலகையை நாட்டுப்புறப் பாட்டுக்காரர்கள்தான் முதலில் எடுத்துக்கொண்டார்கள். ஜாஸ்காரர்கள் பெரும்பாலும் உள்ளே பொந்து உள்ள பெரிய கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உருண்டையான ஒலியில் வாசிப்பார்கள். கேட்டன் அந்தக் கூர்மையான பலகையில் ஜாஸ் வாசித்தார். ஒலித் திருகை விரலால் திருப்பித் திருப்பியே அதை அழ வைத்தார், உருமவும் வைத்தார்.

அதோடு நின்றாரா? ‘எக்கோபிளெக்ஸ்’ என்ற டேப் எதிரொலிக் கருவி, ‘லெஸ்லி’ என்ற சுழலும் ஸ்பீக்கர் இரண்டையும் வாசிக்கும்போதே கட்டுப்படுத்த, கிடார் மேலேயே பொருத்தும் ஒரு பெட்டியைச் செய்துகொண்டார். ‘மேஜிக் டிங்கஸ் பாக்ஸ்’ என்று அதற்குப் பெயர். ‘டிங்கஸ்’ என்றால் பெயர் சொல்லத் தெரியாத ‘அந்த இது’. நாம் லேபில் ‘அந்த இதை எடுடா’ என்போமே, அதேதான்!

லெஸ்லியின் ரகசியம் நமக்குத் தெரிந்த டாப்ளர் விளைவு. ஒலிவாய் நம்மை நோக்கி வரும்போது சுருதி ஏறும், விலகும்போது இறங்கும். டேப் எதிரொலி இன்னும் எளிமை. ஒரு தலை பதிவு செய்கிறது, கொஞ்சம் தள்ளி இன்னொரு தலை வாசிக்கிறது. டேப் நொடிக்கு 7.5 அங்குலம் ஓடுகிறது, இரண்டு தலைக்கும் நடுவே ஒரு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். தூரத்தை வேகத்தால் வகுங்கள்: 0.133 நொடி. அந்தச் சின்னத் தாமதம்தான் ராக்கபிலியின் ‘டக்-டக்’ என்ற துள்ளல். சன் ஸ்டுடியோவில் சாம் ஃபிலிப்ஸ் இரண்டு டேப் மெஷின்களை வைத்து இதைத்தான் செய்தார். எட்டாம் வகுப்புக் கணக்கு ஒரு இசை வகைக்கே முகம் கொடுத்தது!

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் ‘தெரியாதவர்’?

பொதுவாகச் சொல்லும் காரணங்கள் இரண்டு. ஒன்று, தட்டுக் கடைகளின் அலமாரி. ராக், கண்ட்ரி, புளூஸ், ஜாஸ் என்று அலமாரி பிரித்து வைத்திருக்கும் கடையில் இவர் தட்டை எங்கே வைப்பது? ஒரே தட்டில் ஒரு பாட்டு ராக்கபிலி, அடுத்தது பீச் பாய்ஸின் மெல்லிசை, அதற்கடுத்தது ‘சிம்ப்ஸன்ஸ்’ கார்ட்டூன் இசை. விற்பவருக்குத் தலை சுற்றாதா? இரண்டாவது காரணம், அவர் ஊரை விட்டு அதிகம் நகர விரும்பவில்லை. ஊர் ஊராகப் போய் வாசிப்பதைவிட வீட்டில் கார் எஞ்சினைக் கழற்றி மாட்டுவது அவருக்குப் பிடித்தது.

இந்த இரண்டாவது காரணத்தைச் சிலர் ஒரு குறையாகச் சொல்கிறார்கள்: ‘மெனக்கெட்டிருந்தால் எங்கேயோ போயிருப்பார்’ என்று. எங்கே போயிருப்பார்? வாரா வாரம் வாஷிங்டன் கிளப்புகளில் டிக்கெட் வாங்கிக் கேட்டவர்களுக்கு அவர் தெரியாதவரா? அவர் கேசட்டை நகல் எடுத்து நகல் எடுத்துத் தேய்த்தார்களே, அவர்களுக்குத் தெரியாதவரா? யாருக்குத் தெரியவில்லை என்று கேட்டால், அட்டைப்படம் போடுபவர்களுக்கும் அலமாரி அடுக்குபவர்களுக்கும்தான். அவர்களுக்குத் தெரியாததை அவர் பெயருக்கு முன்னால் பட்டமாக ஒட்டிவிட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், இது பாராட்டு மாதிரி இருக்கிற ஒரு கைகழுவல். ‘அடடா, பெரிய ஆளுப்பா, பாவம் யாருக்கும் தெரியல’ என்று சொல்லிவிட்டால் அதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. தட்டைக் கேட்க வேண்டியதில்லை பாருங்கள்!

அதற்காக அவர் வாசித்ததெல்லாம் பொன் என்று நான் கொடி பிடிக்கவில்லை. சில இடங்களில் சர்க்கஸ் காட்டுகிறார். பீர் பாட்டிலைத் தந்தி மேல் உருட்டி வாசிப்பது, நுரை வழிந்ததும் துண்டைப் போட்டுத் துடைப்பது, துண்டைக் கழுத்தின் மேலேயே விட்டு அதன் மேலேயே வாசிப்பது எல்லாம் கைதட்டலுக்கான வித்தை. வீடியோவில் முதலில் பார்க்கும்போது வாய் பிளக்கும். பத்தாவது தடவை அலுக்கும். சில வேகப் பாட்டுகளில் தெரிந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறார். ஆனால் ‘88 எல்மைரா ஸ்ட்ரீட்’டில் ‘இன் மை ரூம்’ கேளுங்கள். அவசரமே இல்லை. ஒரு சுரத்தை வைத்துவிட்டு, அது அடங்கும்வரை காத்திருந்து, அடுத்ததை வைக்கிறார். அவ்வளவு வேகம் கையில் இருந்தும் அந்த இடத்தில் அவசரப்படாமல் இருக்கிறாரே, அதைத்தான் நான் திறமை என்பேன்.

கடைசியாக ஒரு கனமான விஷயம். 1994 அக்டோபர் 4-ம் தேதி, 49 வயதில், மேரிலாந்தில் உள்ள தன் பண்ணை வீட்டில் டேனி கேட்டன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். கடிதம் எதுவும் எழுதி வைக்கவில்லை. அவர் பல வருடங்களாக மனச்சோர்வு நோயால் அவதிப்பட்டிருக்கலாம் என்று நெருங்கியவர்கள் பிறகு சொன்னார்கள்.

இதை வைத்து ஒரு சினிமாக் கதை கட்டுகிறார்கள்: உலகம் மதிக்கவில்லை, கலைஞன் மனம் உடைந்தான், போய்விட்டான் என்று. இந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை. ஆபத்தானது என்றும் நினைக்கிறேன். மனச்சோர்வு ஒரு நோய். காய்ச்சல் மாதிரி அதற்கும் மருத்துவம் உண்டு. புகழ் உச்சியில் இருப்பவருக்கும் வரும், அரியர் வைத்திருப்பவருக்கும் வரும், கேம்பஸ் இன்டர்வியூவில் முதல் ஆளாகத் தேர்வானவருக்கும் வரும். ‘திறமைசாலின்னா அப்படித்தான்’ என்று சொல்லி அதற்கு மாலை போடக்கூடாது. ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் பேச்சைக் குறைத்துக்கொண்டால், சாப்பாட்டை விட்டுவிட்டால், ‘என்னடா ஆச்சு?’ என்று கேளுங்கள். அவன் சொல்லத் தொடங்கினால் அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். நமக்கே அப்படி இருந்தால் ஒருத்தரிடமாவது வாய் திறப்போம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. இதைச் சொல்லாமல் கேட்டனைப் பற்றி எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

நண்பர்களே, நமக்கும் பட்டத்துக்கும் ஒரு பழைய வாய்க்கால் தகராறு உண்டு. ‘வெறும் டிப்ளமோவா?’ என்று கல்யாண வீட்டில் கேட்பார்கள். பட்டம் இல்லாததையே நம் பெயருக்கு முன்னால் ஒட்டிவிடுவார்கள். ‘பரவாயில்ல, டிப்ளமோ பையனா இருந்தாலும் வேலை நல்லா செய்றான்’ என்று கம்பெனியில் பாராட்டுவார்கள். அந்த ‘இருந்தாலும்’ இருக்கிறதே, அதுவும் கேட்டனுக்குக் கொடுத்த ‘தெரியாத’வும் ஒரே தறியில் நெய்த துணி. செய்த வேலையைப் பார்ப்பதற்குப் பதிலாக ஒட்டிய சீட்டைப் படிக்கிற பழக்கம்.

அதனால் என் கோரிக்கை ரொம்பச் சின்னது. இனிமேல் யாராவது அவரைப் பற்றி ‘தெரியாத மேதை’ என்று தொடங்கினால் நிறுத்துங்கள். ‘எந்தப் பாட்டைக் கேட்டே?’ என்று கேளுங்கள். கேட்கவில்லை என்றால் ஹெட்ஃபோனைக் கொடுங்கள். முதலில் ‘இன் மை ரூம்’, அடுத்து ‘எல்மைரா ஸ்ட்ரீட் பூகி’, அதற்கப்புறம் ‘ரிலென்ட்லெஸ்’ தட்டு முழுவதும். மொழி தெரிய வேண்டாம், வாய்ப்பாட்டே தேவையில்லை. எலெக்ட்ரிகல் படிப்பவர்கள் முனகல் இல்லாத அந்தச் சுத்தத்தைக் கவனியுங்கள். மெக்கானிகல்காரர்கள் அந்த வலது கையை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி ஷிஃப்ட் போட்ட மாதிரி வேலை நடக்கும்.

கேட்டு முடித்தபின் பிடிக்கவில்லை என்று சொன்னாலும் எனக்குச் சந்தோஷம்தான். கேட்டுவிட்டுச் சொல்கிறீர்கள் அல்லவா!